கேசட்டுல தடவுன கிரீஸ்

கராச்சர்மா
ஞாயித்துக்கெழம

அன்பு மகன் அருண்பிரசாத்துக்கு அப்பா முத்துவீரன் எழுதுறது. நீயும் மருமகளும் பேத்தி மீனாவும் கோயமுத்தூர்ல நல்லா இருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டு எழுதுறேன், இங்க நாங்க ரெண்டு பேரும் சுகம், உங்கம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகுது. நாலு நாளா தீவுக்குக் கப்பல் வரல, வெங்காயம் இல்லாமலே கொழம்பு வைக்கிறா, நல்லாத்தான் இருக்குன்னு சொல்லித் திங்கிறேன். எப்பவும் பக்கத்து வீட்டு நளினிகிட்டச் சொல்லித்தான் எழுதச் சொல்லுவேன், இது அந்தப் பிள்ளைகிட்டச் சொல்ற விசயமில்ல, நானே எழுத்துக் கூட்டி எழுதுறேன்.

போன வாரம் வீடியோ கால்ல நீ மீனாவ வஞ்சது காதுல விழுந்துச்சு. டேப்லட்ட ஒடச்சுட்டு இல்லேங்குறா போல. அப்புறம் நீ, நானும் சின்ன வயசுல பாஸ்கெட்பால் கேம் கேசட்ட ஒடச்சுட்டுப் பொய் சொன்னேன், உன் தாத்தா பெல்ட்டால வெளுத்தாரு, அன்னையோட பொய்ய விட்டேன்னு அவகிட்டச் சொன்ன. நான் செல்போன உங்கம்மா கையில குடுத்துட்டு வெளிய போயிட்டேன்.

அந்த டிவி கேமு நாம அப்ப இருந்த ஹேடோ துறைமுகக் குவார்ட்டர்ஸுக்கு வந்ததே கப்பல் சமையக்காரர் வெள்ளைச்சாமி குடுத்துத்தான். மனுசனுக்குப் பொழப்பே கப்பல்ல, ஆனா அலை அடிச்சா மொத வாந்தி அவருதுதான், அது கெடக்கட்டும். டிவிக்குள்ள ரெண்டே ஆளு, மூக்கு முழி கெடையாது, கட்டம் கட்டமா ஒடம்பு, ஒரு பந்துக்கு அடிச்சுக்குவானுக, ஒருத்தன நாம ஆட்டணும், இன்னொருத்தன மிசினே ஆட்டும். டூட்டி இல்லாத நாள்ல நீ ஸ்கூலுக்குப் போனதும் நான் அதத்தான் ஆடுவேன், உனக்குத் தெரியாது. அந்த மிசின்காரன் ஒரு தடவகூட என்னை ஜெயிக்க விடல. ஒரு நாள் படம் ஆடி ஆடி நின்னுபோச்சு. கேசட்டக் கழட்டிப் பாத்தா அடியில இருக்க பித்தளப் பல்லுல உப்புக்காத்து பட்டுப் பச்சை பூத்திருந்துச்சு. சரக்கெறக்குற வார்ஃப்ல கிரேன் கொக்கி துருப்பிடிச்சா கிரீஸ் தடவுவோம்ல, அதையே தடவுனேன். அப்புறம் டிவியில வெறுங்கோடுதான் ஓடுச்சு.

சாயங்காலம் நீ வந்து போட்டுப் பாத்துட்டு முழிச்ச. நீ வாயத் தொறக்குமுன்ன நான் முந்திக்கிட்டு என்னடா பண்ணுனன்னு கேட்டேன். உன்கூட ஆட வந்த பயலுக எல்லாம் பாக்க அடிச்சேன். தொடவே இல்லப்பான்னு ரெண்டு தடவ சொன்ன. மூணாவது, "நான்தான்ப்பா ஒடச்சேன், விட்டுருங்க"ன்னு சொல்லிட்ட. அப்பவும் என் நகத்துக்குள்ள கிரீஸ் இருந்துச்சு. எதுத்த வீட்டு பெங்காலி அம்மா பஸ் கரோ பையா, போதும் விடுன்னு கையப் புடிச்சப்பறந்தான் நிறுத்துனேன்.

பொய் சொன்னவன் நான்தான்யா. நீ சொன்ன ஒத்தப் பொய்யும் நான் அடிச்சு வாங்குனது. இத்தன வருசத்துல நீயே அத நெசம்னு நம்பிட்டியே, அதுலதான் எனக்குச் சோறு எறங்கல. மீனா ஒடைக்கலேன்னு சொன்னா ஒரு தடவ நம்பிப் பாருய்யா. இந்தக் காயிதத்த அவகிட்டப் படிச்சுக் காட்டு, என்னைய நல்லவனாக்கப் பாக்காத.

மூணு பேரும் நோய்நொடி இல்லாம நெறஞ்சு வாழணும். மருமகளுக்குப் பல்லு வலின்னியே, தள்ளிப் போடாமக் காட்டு. உங்கம்மாவுக்கு இதெல்லாம் இன்னும் தெரியாது. இத தபால்ல போட்டுட்டு வந்து அவகிட்டச் சொல்லப் போறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
முத்துவீரன்