உனக்கென்று கலக்கிய மருந்து

ஸ்பிரிட் வாசம் கையில் ஏறியதும் இன்றைக்கும் உன் நினைவு வந்துவிட்டது. வெளியே சோழகக் காற்று மணலை வாரி இறைக்கிறது. மருந்தில் தூசு விழாதபடி சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மருந்து மேசையைத் துடைத்துவிட்டு நிற்கிறேன். பாப்பாமோட்டையிலிருந்து வந்த தாயொருத்தி, வேர்த்து ஒழுகும் பிள்ளைக்கு ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு என்னை முறைக்கிறாள்.

நான் மருந்து கலக்கும் விதம் உனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஒன்றாகத் தாதிப் படிப்புப் படித்து இந்த ஆஸ்பத்திரியில் ஒரே வாட்டுக்கு வந்த நாம், இந்த மேசையடியில் மட்டும் எலியும் பூனையும். எனக்குக் கோயில் பாட்டு தானாக வாயில் வந்துவிடும். "வாயை மூடடி, உன்ர பாட்டு மருந்துக்குள்ள விழப்போகுது" என்பாய். கலக்கிய போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்து, நோன்புப் பிறை தேடுகிறவள்போலப் பார்ப்பாய். நான் சிரிப்பேன்.

பிறகு நீயே இங்கே கட்டிலில் கிடந்தாய். இரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. அதற்கான மருந்து ஒரேயொரு குப்பிதான் மிச்சம். மற்றது வவுனியாவிலிருந்து வரவேண்டும். நான்தான் கலக்கினேன், பாட்டில்லாமல். சேலைன் போத்தலைத் தூக்கிப் பார்த்தபோது, குப்பியின் ரப்பர் மூடியிலிருந்து பிய்ந்த கறுப்புத் துணுக்கொன்று உள்ளே மிதந்தது. என் முகத்தைப் பார்த்தே நீ கண்டுபிடித்துவிட்டாய்.

"என்ன கிடக்கு?"

சின்னத் துணுக்கு, கண்ணுக்கே தெரியாது என்றேன்.

"வேற ஆருக்கும் எண்டால் ஏத்துவியோ?"

நான் போத்தலைக் கீழே இறக்கினேன்.

"அப்ப எனக்கும் வேண்டாம். கொட்டு."

டொக்டரும் அதையே சொன்னார். கொட்டினேன். அம்புலன்ஸ் மருந்தோடு வந்து சேர்ந்தபோது பின்னேரமாகிவிட்டது. உனக்கு நினைவு தப்பியிருந்தது. அடுத்த நாள் உன்னை அடக்க உன் ஊர் எருக்கலம்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள்.

மருந்து முந்தி ஏறியிருந்தாலும் நீ தப்பியிருக்கமாட்டாய் என்றார் டொக்டர். அதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. வீட்டில் தண்ணீர்க் கிளாசைக்கூட வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறேன். என்னவர் ஏசுகிறார்.

இன்று போத்தல் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

"இன்னும் என்ன மிஸ் பாக்கிறீங்கள்? பிள்ளை நெருப்பாக் கொதிக்குது" என்கிறாள் தாய்.

ஒரு துணுக்குக் கிடந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளை இப்படிக் கொதித்துக்கொண்டிருக்கும்போதே கொட்டியிருப்பேன். கொட்டச் சொல்லிவிட்டுப் போன உன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் உன்னோடு சண்டை பிடிக்க ஒரு நியாயம்கூட நீ எனக்கு மிச்சம் வைக்கவில்லை.