அடிமைச் சர்க்கரை விற்காத கடைகள்

இன்று காலை சர்க்கரை மூட்டையைப் பிரித்தேன். அந்த ஈர இனிப்பு வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. மூட்டை பிரிப்பது எப்போதும் உன் வேலை. அபுதாபி முசஃபாவில் நம் மளிகைக் கடையை இப்போது நான் ஒருவனாகத்தான் திறக்கிறேன், ஒருவனாகத்தான் பூட்டுகிறேன்.

கல்லூரியில் இருவரும் சரித்திரம்தான் படித்தோம். நான் பரீட்சையோடு விட்டேன், நீ விடவில்லை. கூட்டமில்லாத ஒரு மதியம் சர்க்கரைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னாய்:

“மாப்ள, அந்தக் காலத்துல அமெரிக்காவுல அடிமைமுறைய ஒழிக்கப் போராடுனவங்கள்ல சில பேரு நம்மள மாதிரி கடை வச்சிருந்தாங்கடா. அடிமைங்க கையால வெளஞ்ச சர்க்கரை, பருத்தி, அரிசி எதுவும் அங்க கெடையாது.”

குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும், விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் நடத்திய கடைகளாம். கூலி கொடுத்து விளைவித்த சரக்கைத் தேடி அலைந்திருக்கிறார்கள். கிடைத்ததும் விலை கூடுதல், தரம் மட்டம். அடிமைமுறையை எதிர்த்து மேடையேறியவர்களிலேயே சிலர், இது வீண் வேலை என்று ஒதுங்கிவிட்டார்களாம்.

“கடை ஓடுச்சா?”

“எங்க? முக்காவாசி மூடிட்டாங்க.”

“அப்புறம் என்னத்துக்குடா?”

பொட்டல நூலை இறுக்கினாய். “அவங்களால வித்துட்டுச் சும்மா இருக்க முடியல போல” என்றாய். நான் சிரித்தேன்.

பிறகுதான் ஒரு வெல்டர் வந்தான், இராமநாதபுரத்துப் பக்கத்துப் பையன். சோப்பு வாங்க வந்தவன் அப்படியே நின்று அழுதான். ஊரில் அப்பா இறந்துவிட்டார். பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறது. சைட் வேலை முடியாமல் லீவ் இல்லை என்கிறார்கள். அவன் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பின் மெஸ்ஸுக்கு மாதாமாதம் அரிசி பருப்பு நம் கடையிலிருந்துதான் போகும். நம்முடைய பெரிய வியாபாரமே அதுதான்.

மறுநாள் அந்த கேம்ப் சூப்பர்வைசர் அரிசி ஏற்ற வேனோடு வந்தார். நீ மூட்டையைத் தொடவில்லை.

“அந்தப் பையன ஊருக்கு அனுப்புங்க சார். அப்புறம் ஏத்துறேன்.”

“பாய், உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? அரிசி விக்கிறது மட்டும் பாருங்க.”

“அதத்தான் பாக்குறேன். உங்களுக்கு விக்கல.”

அவர் எதிர்வரிசை மலையாளிக் கடைக்கு வண்டியைத் திருப்பினார். நான் கல்லாவை விட்டு நகரவில்லை. நீயோ சட்டையைச் சரிசெய்துகொண்டு அவர் பின்னாலேயே நடந்தாய். போட்டிக்கடை என்று நாம் பேச்சுகூட வைத்துக்கொள்ளாத அந்த மலையாளியிடம் என்ன சொன்னாயோ தெரியாது. அந்தக் கடைக்காரர் சூப்பர்வைசரைப் பார்த்து, “அரி மாஃபி”, அரிசி இல்லை என்று கையை விரித்தார். அவருக்குப் பின்னால் அரிசி மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன!

வேறு வழியில்லாமல் கம்பெனி அவன் பாஸ்போர்ட்டைக் கொடுத்தது. அடக்கத்துக்குப் போக முடியவில்லை என்றாலும் பதினாறாம் நாள் காரியத்துக்கு அவன் ஊர் போய்ச் சேர்ந்தான். அந்த கேம்ப் நம்மிடம் திரும்பி வரவே இல்லை. வாடகைக்கே திணறினோம். நீ ஒரு நாளும் வருத்தப்பட்டுப் பேசியதில்லை.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்ததும், பனியாஸ் மையவாடியில் உனக்கு மண் தள்ளிவிட்டு நான் பஸ் ஏறியதும் இந்த வருடம்தான். உன் உம்மாவுக்கு வீடியோவில் உன் முகத்தைக் காட்டினேன். அறையில் உன் கட்டிலில் இப்போது வேறொருவர் படுக்கிறார். நல்ல மனிதர்தான். எங்களுக்குள் பேச எதுவும் இல்லை.

நேற்று அந்த வெல்டர் ஊரிலிருந்து கூப்பிட்டான். சொந்தமாகப் பட்டறை போட்டிருக்கிறானாம். உன் போன் அடிக்கவில்லை என்று என்னிடம் வந்திருக்கிறான். நீ இறந்ததைச் சொன்னேன்.

“அப்ப கடைல தனியாவா இருக்கீங்க, பாய்?”

நீ போன பிறகு இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை.