ஒரே வீட்டு ரத்தம்

1996 டிசம்பர் 3, செவ்வாய்

எங்கள் ஊர் பெம்பானில் காலையிலிருந்து மழை. நான் வேலை செய்யும் கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்துக்கு விடுமுறை. பழ ஈக்களைப் பட்டினி போட முடியுமா? இருபது கண்ணாடிக் குழாய்களையும் பஸ்ஸில் தூக்கிவந்தேன். எறும்புக்குப் பயந்து தண்ணீர்த் தட்டின் நடுவில் வைத்தாயிற்று.

அக்கா பேச்சை எடுத்துவிட்டாள். இளைய மகள் கலாவை எனக்குக் கட்ட வேண்டுமாம். மூத்தவள் மலரை அண்ணனுக்குக் கட்டி, பிறந்த இரண்டு குழந்தைகளையும் ஆறு மாதத்துக்குள் புதைத்தோம். இரண்டுக்கும் அதே வலிப்பு, அதே துவளல். போதாதா?

அண்ணன்: "மலர் ராசி அப்படி லா. கலா நல்ல ராசி."

மலர் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். தட்டைப் பிடுங்கி வீசலாம் போலிருந்தது.

டிச. 4

குழாயையும் லென்ஸையும் வீட்டுக் கூடத்துக்கு எடுத்துவந்தேன். இறக்கை நேராக உள்ள ஈ ஒன்றைக் காட்டச் சொன்னேன். ஒருவராலும் முடியவில்லை. எல்லாம் சுருட்டை. சுருட்டை என்றால் கெட்ட மரபணுவோடு நல்லது ஒன்றும் இருக்கிறது என்று அடையாளம். நேர் இறக்கை என்றால் இரண்டுமே கெட்டது; அது வளரும் முன்பே செத்துவிடும்.

"அண்ணங்கிட்ட ஒண்ணு கெட்டது, மலர்கிட்ட ஒண்ணு. எங்கிட்டயும் இருக்கலாம், கலாகிட்டயும் இருக்கலாம். வெளியில கட்டினா பயம் ரொம்பக் கம்மி."

அக்கா: "எம்பொண்ண ஈயோட சேத்துப் பேசுறியாடா?"

கலா மட்டும் வாசலில் சிரித்தாள். "தேங்க்ஸ் மாமா. எங்க ஃபேக்டரில ஒருத்தர் இருக்காரு. சனிக்கிழமை அவங்க அம்மா பேச வராங்க."

டிச. 7, சனி

பாயா ரும்புட்டிலிருக்கும் அந்தப் பையன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அவன் அம்மாவின் ஃபோன் மட்டும். "ஒங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கு ரத்தத்துல கோளாறாமே?"

அக்கா பசாரில் காய் வாங்கும்போது புலம்பியிருக்கிறாள். பெண்களுக்காம்! அண்ணனையும் என்னையும் சேர்த்துச் சொன்னது எங்கே போயிற்று? இரண்டு பஸ் மாறிப் போய் விளக்கினேன். அந்த அம்மா காப்பி கொடுத்தார், முழுதும் கேட்டார்.

"நல்லா வெளக்குறீங்க தம்பி. ஆனா பொண்ணு வேணாம்பா."

கலா கதவைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தவன் நான். என் மேலேயே ஆத்திரம்.

டிச. 8

மழை விட்டது. மூன்று குழாயில் பூஞ்சை. எறிந்தேன்.

பத்து மணிக்கு ஃபோன். அதே அம்மா. அவர் மனம் மாறிவிட்டது என்று நினைத்துக் கலா ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாளாம். எனக்குக் கொடுக்க விருப்பமாம்.

"எனக்கும் அதே ரத்தம்தானேம்மா?"

"ஆம்பளைக்கு என்ன தம்பி?"

கலாவுக்கும் கேட்டது.