பாதித் தண்ணீர்த் தொட்டியும் மூன்று தவளைகளும்

திருவொற்றியூர்
9.12.2001

அன்புள்ள அறிவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் வலி மழையோடு வந்து மழையோடு போய்விட்டது. மஸ்கட்டில் நீயும் செங்கொடியும் குழந்தை மகிழினியும் எங்களைவிட நன்றாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும், ஆகவே ஆய்வகத்தில் அறிக்கை எழுதிய பழக்கத்தில் முதலிலேயே வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. உன் பழைய மீன் தொட்டி பற்றி.
2. அதில் தவளைக்கு வீடு கட்டியது.
3. தண்ணீரும் மணலும், அதில் என் தவறு.
4. அம்மாவுக்குத் தவளையைக் கண்டால் ஆகாது, அதனால் எனக்குள்ள பயம்.
5. உனக்குச் சொல்ல வேண்டியவை.

போன மாதம் மகிழினி போனில், தாத்தா உங்க வீட்டில் தவளை இருக்கா என்று கேட்டாள். படப் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாளாம். நான் யோசிக்காமல் மூன்று இருக்கிறது, பொங்கலுக்கு வந்து பார் என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை, அன்று காலை தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரோடு மூன்று தவளைகள் குளியலறைக்குள் வந்திருந்தன, அம்மா துடைப்பத்தோடு வாசலில் நின்றாள், நான் வாளியில் பிடித்து மூடி வைத்திருந்தேன். ஆனால் பொங்கல் வரைக்கும் வாளியில் வைக்க முடியுமா, அப்போதுதான் பரண்மேல் கிடந்த உன் தொட்டி நினைவுக்கு வந்தது. மேல் மூலையில் ஒரு துண்டு உடைந்து அங்கிருந்து பாதி உயரம்வரை விரிசல் இறங்கியிருக்கிறது, அதற்குமேல் தண்ணீர் நிற்காது, நீ அதனால்தானே ஒதுக்கிவிட்டுப் போனாய். மீனுக்கு ஆகாத தொட்டி, பாதி நீரும் பாதி நிலமும் கேட்கிற தவளைக்குப் போதும் என்று தோன்றியது. தோன்றியது சரிதானா என்று மேலும் இரண்டு நாள் யோசித்தேன். அம்மாவிடம் கேட்கவும் ஒரு நாள் ஆயிற்று. அவள் சரி என்றுதான் சொன்னாள், ஆனால், “ஒண்ணு, ஒரே ஒண்ணு வூட்டுக்குள்ள குதிச்சுதுன்னா தொட்டியோட தூக்கினு போயி ரோட்டுல வுட்டுருவேன், ஆமா” என்றாள். அவள் சொன்னால் செய்வாள்.

தொட்டியின் குறுக்கே ஒரு சாண் உயரத்தில் கண்ணாடித் தடுப்பு வைக்க, தண்டையார்பேட்டையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ரஷீதிடம் அளவு கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். “இன்னா சார், தவக்களைக்கு ரூம் தடுக்கறியா, அப்டியே ஒரு அட்டாச்டு பாத்ரூமும் போட்டுக் குடுக்கட்டா” என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். தடுப்பைப் பசை போட்டு ஒட்டி இரண்டு நாள் காயவிட்டேன். ஒரு பக்கம் அடியில் ஜல்லி, அதன்மேல் கொசுவலைத் துணி, அதன்மேல் மணலும் மண்ணும், அதில் பொன்னாங்கண்ணித் தண்டு நான்கு நட்டேன், ஈரத்தில் நன்றாகத் துளிர்க்கிறது. மறுபக்கம் தண்ணீர். ஏறி வர ஓர் ஓட்டுத் துண்டைச் சாய்த்து வைத்தேன், ஒளிந்துகொள்ளப் பாதிக் கொட்டாங்கச்சி. மேலே மரச்சட்டத்தில் கொசுவலை அடித்து மூடி. உடைந்த மூலையை மட்டும் ஒட்டு நாடாவால் அடைத்தேன், இதை நினைவில் வைத்துக்கொள்.

மணல் விஷயத்தில் எனக்கே வெட்கம். கடற்கரை மணலை எடுத்துவந்து ஏழு தடவை அலசிப் போட்டேன். தவளைகள் தரையிலும் நிற்கவில்லை, நீரிலும் இறங்கவில்லை, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தன. மறுநாள்தான் தொட்டித் தண்ணீரை நாக்கில் வைத்தேன், உப்பு. மணலித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தண்ணீர் பரிசோதித்தவன், சொந்த வீட்டு மணலைப் பரிசோதிக்காமல் போட்டேன். எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டு, பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிற இடத்தில் இரண்டு சட்டி ஆற்று மணல் கேட்டேன். “இன்னா நைனா, ரெண்டு சட்டியில எத்தினி மாடி கட்டப் போற” என்று கேட்டுவிட்டுத்தான் மேஸ்திரி கொடுத்தார். தண்ணீருக்கும் இதே பாடு. போரிங் தண்ணீர் கரிக்கிறது, லாரித் தண்ணீரில் மருந்து வாடை. வாடை போக அதை அகலமான அலுமினியப் பாத்திரத்தில் இரண்டு நாள் திறந்துவைத்துப் பிறகு ஊற்றுகிறேன். சில காலைகளில் நான் நிரப்பாத பாத்திரம் நிரம்பியே இருக்கிறது, நிரப்பியதை நானே மறந்துவிடுகிறேன் போலிருக்கிறது, வயதாகிறது. சாப்பாட்டுக்கு ஈ. மீன் செதிலைப் பாட்டிலில் போட்டு ஈ பிடித்து விடுகிறேன், வாடைக்கு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறாள்.

இனி நான்காவது. புதன்கிழமை காலையில் எண்ணிப் பார்த்தேன், இரண்டுதான் இருந்தன. ஈரத்தில் ஒட்டு நாடா கழன்று மூலை திறந்து கிடந்தது. கட்டிலுக்கு அடியில், அரிசி டின்னுக்குப் பின்னால், செருப்புகளுக்குள்கூடப் பார்த்தேன், இல்லை. மூலைக்குக் கண்ணாடித் துண்டு வெட்டி ஒட்டிவிட்டேன், ஆனால் அம்மாவிடம் சொல்லவில்லை. மூணாவது எங்கே என்று அவளே கேட்டாள், மணலுக்கடியில் இருக்கிறது என்றேன். “நாலு நாளா தூங்குதா மவராசன்” என்று நேற்றும் கேட்டாள். சொன்னால் தொட்டி ரோட்டுக்குப் போய்விடும், குழந்தை வரும்போது ஒன்றுகூட இருக்காது. சொல்லாவிட்டால், அது எந்த நேரம் அவள் காலடியில் குதிக்குமோ என்று இருக்கிறது. என்ன செய்யலாம் என்று நீ எழுது.

ஐந்தாவது, ஏசியை நேராக முகத்தில் படும்படி வைத்துக்கொண்டு தூங்காதே. வண்டியை நிதானமாக ஓட்டு. மகிழினிக்கு மாலையில் அரை மணி நேரமாவது தமிழ் எழுதக் கற்றுக் கொடு. இங்கே மணலிக் காற்று இந்த வாரம் கொஞ்சம் நெடி, ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம், கவலை வேண்டாம். பொங்கலுக்கு டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுத மறக்காதே. மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, சிரித்த முகமாய் இருக்க அப்பா அம்மா ஆசீர்வாதம்.

இப்படிக்கு
உன் அப்பா
கி. கிருஷ்ணப்பன்

பி.கு. கவரை ஒட்ட நாலு சோற்றுப் பருக்கை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். பின்கட்டில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் அம்மா முழங்காலை மடக்கிக் குந்தியிருந்தாள். எதிரே அரிசி களையும் சட்டி, மேலே சல்லடை மூடியிருந்தது. “இன்னாடா, ஒங்கப்பன் வூடு பூரா தேடிக்கினு கீறாரு, நீ சொகுசா குந்திக்கினு கீற” என்று அதனிடம் பேசிக்கொண்டே சல்லடையைத் தூக்கி ஓர் ஈயை உள்ளே போட்டாள். மூன்றாவது தவளை. புதன்கிழமை விடியற்காலையில் அடுப்படியில் கண்டு அவளே கையால் பிடித்தாளாம். தண்ணீர்ப் பாத்திரத்தை நிரப்பி வைத்ததும் அவள்தானாம். ஏன் சொல்லவில்லை என்றேன். “மூலைய சரி பண்ற வரைக்கும் இங்க கெடக்கட்டும்னு வச்சேன். அப்பறம் நீங்களா வந்து சொல்லுவீங்கோன்னு பாத்துகினே கீறேன். கேட்டா குடுத்துருப்பேன், நீங்க எங்க கேட்டீங்கோ” என்றாள். தவளை என்றால் உனக்கு ஆகாதே என்றேன். “யாரு சொன்னது” என்றாள். யோசித்துப் பார்த்தேன், அவள் சொன்னதாக நினைவில்லை. வீட்டுக்குள் குதிக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறாள். இப்போது தொட்டியில் மூன்று இருக்கின்றன. கடிதத்தைத் திரும்ப எழுதத் தாள் இல்லை, ஆகவே மேலே உள்ளதை அப்படியே விடுகிறேன், நீ திருத்திப் படித்துக்கொள். வரிசையில் நான்காவதாகப் போட்டது தவறு. மணலைப் போலவே அதையும் நான் பரிசோதிக்காமல் எழுதிவிட்டேன்.