அரை மணி நேரம் படகில் உட்காரச் சொல்கிறார்

என் செல்ல அண்ணனுக்கு,

நீ பார்க்காத உன் மச்சான் நல்ல மனிதர். பாளையம்பட்டியில் பெயிண்டுக் கடை வைத்திருக்கிறார், கோபம் வந்தால் மூக்கை மட்டும் சொறிவார். அவருக்கு இந்த வருஷம் ஒரு கிறுக்குப் பிடித்திருக்கிறது. கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆனதற்கு, கோடையில் நாங்கள் இரண்டு பேரும் ஸ்கூபா டைவிங் போகணுமாம். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போய் மீனைப் பார்த்துவிட்டு வருவது. எனக்குப் பயத்தில் சோறு இறங்கவில்லை, அண்ணே.

பரளச்சியில் பிறந்தவளுக்குக் கடல் எதற்கு என்று நீ சிரிப்பாய். நானும் அதைத்தான் கேட்டேன். "நம்ம ஊர்லதான் பாக்கத் தண்ணி இல்ல, போற எடத்துலயாச்சும் பாப்போம்" என்கிறார்.

சாயங்காலம் கடையில் ஆள் குறைந்ததும் போனை விரித்துக்கொள்வார். புதுச்சேரி என்றால் பக்கம், ஆனால் தண்ணீர் கலங்கலாக இருக்கும் என்று ஒருவன் எழுதியிருக்கிறான். லட்சத்தீவுக்கு அனுமதி வாங்கணும். கர்நாடகப் பக்கம் முருடேஸ்வரில் மழை முந்திக்கொண்டால் படகே விட மாட்டார்கள். அந்தமான் ஹேவ்லாக்கில் மே நடுவரைக்கும் கடல் அமைதியாக இருக்குமாம், ஜோடிகளுக்கு அதுதான் தோது என்கிறார். அவர் மீனையும் அறையையும் பார்க்கிறார். எனக்கு ஒரே கேள்விதான்: எவ்வளவு ஆழம்?

அம்மா காதில் விழுந்ததும் பாலவனத்தத்தில் இருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கெணத்துக்கு ஒண்ணக் குடுத்தது பத்தாதாடி? கடலுக்கு வேற குடுக்கணுமா?" என்றாள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். நீ எப்படிப் போனாய் என்று அவருக்குத் தெரியும். மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை, குழாயின் அடியில் இருக்கிற புட்வால்வில் பாசி அடைத்திருக்கிறதா பார்க்க இறங்கினாய், அடியில் கிடந்த பழைய கயிற்றில் கால் மாட்டிக்கொண்டது. உனக்குப் பதினேழு, எனக்குப் பன்னிரண்டு. ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முதலில் பழகிப் பார்ப்போம் என்று என்னை மதுரைக்குக் கூட்டிப்போனார். நீச்சல் குளம்தான், நெஞ்சளவு தண்ணீர். பயிற்சி கொடுத்த தம்பி குழாயை வாயில் வைத்துவிட்டு, சாதாரணமாக மூச்சு விடுங்கள் என்றான். தலை உள்ளே போனதும் நான் தம் பிடித்துவிட்டேன். மறுபடி சொன்னான். மறுபடி பிடித்தேன். வாயில் காற்று இருக்கிறது, முதுகில் சிலிண்டர் நிறைந்திருக்கிறது, எனக்கு நெஞ்சு திறக்கவே மாட்டேன் என்கிறது.

"மேடம், அடக்கவே கூடாது. ஆழத்துல அடக்கிக்கிட்டு மேல வந்தீங்கன்னா நுரையீரல் கிழிஞ்சிரும். நீங்க எங்க முங்கிப் பழகுனீங்க?"

"கெணத்துல."

"அதான். கெணத்துப் பிள்ளைக எல்லாம் இப்பிடித்தான் வர்றாக" என்று சிரித்தான். நமக்கு வேறு என்ன தெரியும், சொல்லு? தண்ணீர் என்றால் மூச்சை அடக்கணும், எவன் அதிக நேரம் அடக்குகிறானோ அவன்தான் கெட்டிக்காரன். நீதான் நம்ம தெருவிலேயே கெட்டிக்காரன்.

குளத்தை விட்டு ஏறி, இனி இது எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவர் கோபப்படவில்லை. பஸ்ஸில் வரும்போது மெதுவாகச் சொன்னார்: "சரி, நீ படகுல இரு. நான் மட்டும் எறங்குறேன். அரை மணி நேரந்தான், மேல வந்துருவேன்."

நிம்மதியாக இருந்திருக்கணும். அதற்குப் பதில் வழியில் பஸ் நின்றபோது ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். மேலே உட்கார்ந்து காத்திருக்கிறவளின் வேலை எனக்குத் தெரியும். இறங்குவதைவிட எனக்கு அதுதான் பயம்.

அதனால் அவரிடம் சொல்லிவிட்டேன், அண்ணே. இருபத்தைந்து வருஷமாக அம்மாவிடம்கூடச் சொல்லாததை. நீ முங்கும்போதெல்லாம் நான் எண்ணுவேன் இல்லையா? அன்றைக்கும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து எண்ணினேன். தொண்ணூறு உன் அதிகபட்சம். தொண்ணூறு தாண்டியதும் எனக்கு ஒரே சந்தோஷம், அண்ணன் இன்றைக்கு ஜெயித்துவிட்டான் என்று கைதட்டினேன். நூற்று நாற்பது வரைக்கும் எண்ணிவிட்டுத்தான் கத்தினேன். அப்பா ஓடிவந்து கேட்டபோது, அண்ணன் மேலே வரவில்லை என்றதும் உடனே கத்தினேன் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அந்த ஐம்பது எண்ணிக்கைக்குள் யாராவது குதித்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா? எனக்குத் தெரியாது. கேட்க யாரும் இல்லை.

இவர் அருப்புக்கோட்டையில் இறங்கியதும் போனை எடுத்தார். "வேணாம். எல்லாத்தையும் விடு. கொடைக்கானல் போவோம்."

"கொடைக்கானல் வேணாங்க," என்றேன். "ஹேவ்லாக்குல நீச்சல் தெரியாதவுகளையும் கரையில இருந்தே ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆள் வச்சு எறக்குறாகன்னு நீங்கதான சொன்னீக? அங்கயே போடுங்க. ரெண்டு பேருக்கும்."

பதிவு செய்துவிட்டார். மே முதல் வாரம். அதுவரைக்கும் ஞாயிறுதோறும் மதுரைக் குளம். போன வாரம் நாலு மூச்சு தொடர்ந்து விட்டேன், ஐந்தாவதில் நெஞ்சு மறுபடி அடைத்துக்கொண்டது. பயம் போகவில்லை, அண்ணே. போகும் என்றும் தோன்றவில்லை.

ஆனால் உனக்கு ஒன்று சத்தியம் செய்கிறேன். தண்ணீருக்குள் போன ஆளுக்காக நான் இனி மேலே உட்கார்ந்து காத்திருக்க மாட்டேன். கூடவே இறங்குவேன்.

உனக்குப் பின்னால் பிறந்து, உன்னைவிட மூத்துப்போன
உன் தங்கச்சி