மச்சானை வெட்ட வராதே

வட்டவளை

அன்புள்ள தம்பி றொக்சன்,

நீ சுகமாக இருக்க வேண்டுமென்று ஆண்டவரை மன்றாடிக்கொண்டு உன் அக்கா மெரினா எழுதுகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. மகள் ஷாமிலாவின் நெற்றித் தையலைப் பிரித்துவிட்டார்கள். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ கத்தத் தொடங்கிவிடுகிறாய். அதனால்தான் கட்டாருக்குத் திரும்பும் உன் சிநேகிதனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் வாசித்துவிட்டு முடிவெடு.

உன் மச்சான் றோலண்ட் தோட்டத்து லொறி ஓட்டத் தொடங்கியதிலிருந்து நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தார். கை கால் பழையபடி மெலிவுதான். வயிறு மட்டும் தள்ளிக்கொண்டு போய் ஸ்டியரிங்கில் முட்டியது. "ஆம்பளைன்னா வயிறு இருக்கணும்டி" என்று தட்டிக் காட்டுவார். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு நாள் நர்ஸ் இடுப்பை டேப்பால் அளந்தாள். நம் ஆண்களுக்குத் தொண்ணூறு சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனம் வேண்டும், நீங்கள் எவ்வளவோ தாண்டிவிட்டீர்கள் என்றாளாம். உடம்பு பருப்பதைவிட வயிற்றுக்குள் சேருகிற கொழுப்புத்தான் பொல்லாதது, அது இருதயத்துக்குப் போகிற இரத்தக்குழாயைக் கெடுக்கும், பிரஷர் மாத்திரையை விடாதீர்கள், சாராயத்தையும் சிகரெட்டையும் விடுங்கள் என்றாளாம். அவர் டேப்பைப் பிடுங்கி அவள் முகத்தில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அவரை அங்கே போகச் சொன்னவள் நான்தானே. அன்றைக்குத்தான் என் முன்பல் போனது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். பூசை முடிந்து வந்து பருப்பும் கீரையும் ஆக்கினேன். அவர் குடித்துவிட்டு வந்து பன்றிக்கறி எங்கே என்றார். வாங்கவில்லை என்றேன். "என்னைய நோயாளியாக்கப் பாக்குறியா?" என்று கொதிக்கிற பருப்புச் சட்டியைத் தூக்கி என் மேல் வீசினார். தோளிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது. ஷாமிலா குறுக்கே வந்தாள். பெற்ற மகள் என்றும் பார்க்காமல் அவள் மயிரைப் பிடித்து இழுத்து, தலையைக் கதவு நிலையில் மோதினார். ஒரு தடவையோடு விடவில்லை. பிள்ளை அப்படியே சரிந்தாள். கண்ணெல்லாம் இரத்தம்.

நான் விறகு வெட்டும் கத்தியை எடுத்தேன், றொக்சன். பயமுறுத்துவதற்காக இல்லை. கழுத்தும் தோளும் சேருகிற இடத்தைப் பார்த்து ஓங்கினேன்.

அதற்குள் ஷாமிலாவின் மயிரிலிருந்து அவர் கை தானாக நழுவியது. முகம் சாம்பலாகிவிட்டது. குளித்து எழுந்தவர் மாதிரி வியர்த்துக் கொட்ட, நெஞ்சை அழுத்திக்கொண்டு சுவரோடு சரிந்தார். "மெரினா, நெஞ்சு மேல யாரோ ஏறி நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். தண்ணீர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. இனி வெட்டவும் வேண்டாம், சும்மா நின்றாலே போதும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஷாமிலாதான் எழுந்தாள். இரத்தம் வடிய வடிய லயத்து வீட்டு வாசலுக்கு ஓடி, "அப்பாவுக்கு என்னமோ ஆகுது, யாராச்சும் வாங்க!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து சுதாகரன் வந்தான். தீபாவளியன்று அவர் சைக்கிள் செயினால் முதுகைக் கிழித்தாரே, அதே சுதாகரன். பார்த்துவிட்டு, "இந்தாளையா தூக்கச் சொல்றீங்க, அக்கா?" என்றான். ஷாமிலா அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அவரைத் தூக்கித் தன் முச்சக்கர வண்டியில் போட்டான்.

ஒரு குழாய் முழுக்க அடைத்திருந்ததாம், இன்னொன்று பாதி. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, குழாய்க்குள் கம்பிச்சுருள் வைத்து உயிரைப் பிடித்தார்கள். அந்த டாக்டரம்மா சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார். அடைப்பு அன்றைக்கு வந்ததில்லை, வருஷக்கணக்காக உள்ளே படிந்தது, ஆத்திரத்தில் வெடித்திருக்கிறது என்றார். பிறகு ஷாமிலாவின் தலைக்கட்டைப் பார்த்து யார் செய்தது என்று கேட்டார். விழுந்துவிட்டாள் என்று சொல்லத்தான் நான் வாயெடுத்தேன். பிள்ளை முந்திக்கொண்டு, "தாத்தா" என்றாள். சிங்களத்தில் அது அப்பா. டாக்டரம்மா பொலிசைக் கூப்பிட்டார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது அவர் அக்கரப்பத்தனையில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். எங்கள் பக்கம் வரக்கூடாதென்று நீதிமன்ற உத்தரவு. தண்ணீர் பிடிக்கிற பீலி வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்க நின்றுவிடுகிறாராம். லீவு எடுத்து வந்து அவரை வெட்டிப்போடுவேன் என்கிறாய். வேண்டாம் தம்பி. ஓங்கி நின்றவள் சொல்கிறேன், அந்தக் கத்தியின் கனம் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. உனக்கு அது வேண்டாம்.

இன்னொரு செய்தி. உன் பெண்சாதி பிரேமினி பிள்ளையையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். அவளுடைய சுண்டுவிரல் மடங்கவில்லை. நீ ஈஸ்டருக்கு லீவில் வந்துபோனதிலிருந்து அப்படித்தானாம். கதவில் நசுங்கியது என்றாள். நான் மேலே கேட்கவில்லை. அவள் போனில் உன் புதுப் படத்தைக் காட்டினாள். முகம் அப்படியே இருக்கிறது, சட்டைப் பொத்தான்தான் வயிற்றில் பூட்டவில்லை.

அங்கே ஒரு டாக்டரிடம் போ. இடுப்பை அளக்கச் சொல், பிரஷர், சீனி, கொழுப்பு எல்லாம் பார். சொல்கிறவர்கள் மேல் எரிந்து விழாதே. நத்தார் பண்டிகைக்கு வா. ஆனால் முதலில் என் வாசலில் நின்று கூப்பிடு. பிரேமினியிடம் நான் கேட்பேன். அவள் வருகிறேன் என்றால் கூட்டிப் போ. மாட்டேன் என்றால் பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சோறு தின்றுவிட்டுப் போ.

உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் நான். உனக்காக அழவும் கூடாது, உனக்குப் பயந்து கதவைச் சாத்தவும் கூடாது என்று தினமும் செபிக்கிறேன். ஆண்டவர் உன் இருதயத்தையும் உன் இரண்டு கைகளையும் காப்பாராக.

உன் அக்கா,
மெரினா