ஏழாம் மாடியிலிருந்து சமபூலாவுக்கு

கடற்கரை ஹோட்டல், ஏழாம் மாடி
சுவா, பிஜி
24 ஜூன் 2019, திங்கள்

அன்புள்ள இசிரேலி அண்ணனுக்கு, தங்கை சலனியேதா எழுதுவது.

சிட்னியிலிருந்து நேற்றே வந்துவிட்டேன். வீட்டுக்கு வராமல் ஹோட்டலில் இறங்கியதற்குத் திட்டாதீர்கள். படித்து முடித்துவிட்டுத் திட்டுங்கள். பெட்டியைத் தூக்க வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் மாமா மகன் அபோரோசா! "என்ன புள்ள, சமபூலாவுல உங்கண்ணன் வீட்டுக் கூரை பறந்துபோச்சா? இல்ல, என்னைப் பார்க்கத்தான் இங்க தங்குறியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். ஐம்பது வயதாகியும் வாய் அடங்கவில்லை. கடிதம் கொண்டுவருவது அவர்தான். வளர்ந்த அண்ணனும் தங்கையும் நேரில் பேசிக்கொள்ளக் கூடாது என்று நம்மில் முறை வைத்தவர்கள், எழுதக் கூடாது என்று சொல்லாமல் விட்டார்களே, நல்லவேளை.

அறை பெரிது. ஒரு கட்டிலுக்கு ஆறு தலையணை. தூக்கம்தான் வரவில்லை. கீழே நீச்சல் குளத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், நான் ஜன்னலை மூடிவிட்டேன். அப்பாவின் அடக்கத்துக்கு வராதவள் நான். அடக்கத்துக்கு வராதவர்கள் பிறகு கொண்டுவந்து வைக்க வேண்டிய துக்கப் பாயையும் திமிங்கலப் பல்லையும் முறைப்படி வைக்காமல் எந்த முகத்தோடு படியேறுவேன்? லீவு கிடைக்கவில்லை என்று அப்போதே எழுதியிருந்தேன். சனிக்கிழமை நூறாம் நாள் விருந்துக்கு முன்னால் என்னை உள்ளே விடுவீர்களா? ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் சலா

சமபூலா
25 ஜூன்

அன்புத் தங்கை சலாவுக்கு,

நேற்று சர்ச் பாட்டுப் பயிற்சியில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "தங்கச்சி ஹோட்டல்ல இருக்காமே? உங்க வீட்ல படுக்க இடமில்லையா?" முகத்தை எங்கே வைத்துக்கொள்வது, சொல். சொந்த வீடு இருக்கும் ஊரில் ஹோட்டலில் தங்கி நம் குடும்பத்தில் யாராவது பார்த்திருக்கிறாயா?

பாய் வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொடுக்கிற பக்கம் உனக்காக உட்கார்ந்து பேசப் போவது யார்? பெண் தனியாக வந்து வைப்பதில்லை என்பதும் மறந்துவிட்டதா? உன் புருஷன் பக்கத்து ஆட்கள் வர வேண்டும். எத்தனை பேர் என்று எழுது. வாங்கிக்கொள்ள அப்பா இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். வேளைக்குச் சாப்பிடு.

இசிரேலி

ஹோட்டல்
26 ஜூன், காலை

அன்புள்ள அண்ணா,

கிரகாம் வரவில்லை. வந்திருந்தாலும் திமிங்கலப் பல்லை எந்தக் கையில் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. அவர் பக்கம் என்று சொல்ல பெர்த்தில் ஒரு வயதான அக்கா மட்டும்தான். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து இதே கவலை. நேற்று தட்டில் வைத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. இங்கே தினமும் சாயங்காலம் பயணிகளுக்கு வரவேற்புச் சடங்கு நடத்தும் நாலு பேர் இருக்கிறார்கள். பேசுகிறவருக்குக் குரல் கணீரென்று இருக்கிறது, ஒரு வார்த்தை தப்பவில்லை. கேட்டேன். "சனிக்கிழமை காலைல சும்மாதான் இருக்கோம் மேடம், வந்துடறோம்" என்றார். என் பக்கம் அவர்கள் உட்காருவார்கள். சரிதானே அண்ணா?

சலா

சமபூலா
26 ஜூன், மாலை

சலா,

முகத்தில் கரி பூசி, பயணிகளோடு போட்டோவுக்கு நிற்பவர்களா நம் அப்பாவுக்காக அழப் போகிறார்கள்? அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அது அவர்கள் பிழைப்பு. சொந்தத்தை வாடகைக்கு எடுக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

அவர்கள் வந்தால் கேட்டைப் பூட்டிவிடுவேன். சனிக்கிழமையோடு துக்கம் முடிகிறது. அதற்குப் பிறகு துக்கப் பாயை வாங்க இந்த வீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். யோசித்துக்கொள்.

இசிரேலி

ஹோட்டல்
27 ஜூன்

அண்ணா,

அவர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறு யாரும் எனக்கு இல்லை.

ஒரு பொய்யையும் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் எனக்கு லீவு கிடைத்தது. டிக்கெட்டும் வாங்கினேன். விமான நிலையத்தில் கடைசியாக என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள், எழுந்திருக்கவில்லை. அப்பா ஒவ்வொரு தடவை போனிலும் "எப்போம்மா வர்றே?" என்பார். பத்து வருஷமாக "அடுத்த வருஷம்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். சவப்பெட்டியைப் பார்க்க மட்டும் வந்துவிட்டாள் என்று எல்லாரும் பார்ப்பார்களே என்று பயந்து, டாக்சி பிடித்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். கிரகாமுக்குக்கூட முழுசாகத் தெரியாது.

சனிக்கிழமை மாலை எனக்கு விமானம். பாயையும் பல்லையும் அபோரோசாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். வாங்கிக்கொள்வதும் திருப்பி அனுப்புவதும் உங்கள் இஷ்டம். மன்னித்துவிடுங்கள் அண்ணா. மன்னிக்காவிட்டாலும் இந்தக் கடிதத்தையாவது கிழித்துப் போடாதீர்கள்.

சலா

சமபூலா
28 ஜூன், வெள்ளி

அன்புத் தங்கை சலாவுக்கு,

பாயை யாரிடமும் கொடுக்காதே.

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு லோசலினி அத்தை வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அத்தை எகிறினார். "நீ வீட்டுக்காரன்டா! வாங்குற பக்கம் உட்கார வேண்டியவன் கொடுக்குற பக்கம் போனா ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டும் அத்தை."

"அப்போ உங்கப்பன் இடத்துல யாரு உட்காருவா?"

"நீங்கதான். அவர் கூடப் பிறந்தவங்கதானே?"

ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்தார். கிளம்பும்போது, "அவ இன்னும் தேங்காய்ப்பால் ஊத்தின மீன்தானே சாப்பிடுவா?" என்று கேட்டார். மீன் வாங்க என் மகனை அனுப்பியாயிற்று.

உன்னிடம் சொல்லாதது என்னிடமும் ஒன்று இருக்கிறது. மார்ச்சில் அடக்கத்தை அரை நாள் தள்ளி வைத்தேன். மழைக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, சலா. அது போகிற வரைக்கும் காத்திருந்தால் நாளைய நாள் கைவிட்டுப் போய்விடும்.

காலை ஒன்பதரைக்கு ரோட்டில், கேட்டுக்கு வெளியே நிற்பேன். பாயை அபோரோசா தூக்கிக்கொள்வான், பல்லை நான் பிடித்துக்கொள்கிறேன். நீ எங்களுக்குப் பின்னால் வந்து உட்கார். வாய்விட்டு அழுவதென்றால் அழு, யாரும் தடுக்க மாட்டார்கள். எனக்கு அந்த ஹோட்டல்காரர் மாதிரிப் பேச வராது. அத்தை முன்னால் மண்டியிட்டு, "நாங்கள் தாமதமாக வந்துவிட்டோம்" என்று மட்டும் சொல்லப் போகிறேன்.

உன் அண்ணன்
இசிரேலி